மடைக் கருப்பனை இடம் மாற்றியவள்

இருசம்மாளுக்குக் கோபம் எப்போது வரும் என்று கல்லாத்துத் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை. எப்போது இறங்கும் என்றுதான் கேட்பார்கள். மலாக்காவில், பெம்பானிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது அந்தத் தோட்டம். ஒரு நாள் பால் நிறுக்கிற இடத்தில், அவள் கொண்டு வந்த ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கங்காணி தம்புசாமி சொன்னார். அவள் பதிலுக்கு வாதாடவில்லை. வாளியைத் தூக்கி அவருடைய வெளுத்த வேட்டியின்மேல் ஊற்றினாள். "தண்ணியா இருந்தா காஞ்சிரும், பாலா இருந்தா ஒட்டிக்கும். பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பால் ஒட்டிக்கொண்டது. அந்த வேட்டியைக் கங்காணியால் பிறகு கட்டவே முடியவில்லை.

அதிலிருந்து கூலிகள் குடியிருக்கிற லயத்தில் அவளுக்கு 'மொளகா' என்று பெயர் விழுந்தது. அடங்காப்பிடாரி என்றும் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அடங்கி இருந்தவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் என்ன கிடைத்தது என்று நானும் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். குளிர்காய்ச்சலும் அரைநாள் கூலியும்தான் கிடைத்தன.

அவள் புருஷன் நல்லமுத்து இதற்கு நேர் எதிர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதன். அவனுக்கு இருந்த பயம் இரண்டுதான். ஒன்று சாமி, இன்னொன்று பெண்டாட்டி. எது பெரிய பயம் என்பது அன்றன்றைய நிலவரத்தைப் பொறுத்தது.

சேலத்துப் பக்கத்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலாம் வருஷம் கப்பலேறி வந்தவர்கள் இருவரும். மற்றப் பெண்கள் ஊரை நினைத்து அழுவார்கள். இருசம்மாள் ஊரை நினைத்தால் பல்லைக் கடிப்பாள். அங்கே அவள் அப்பனுக்குக் கடைமடையில் ஒரு துண்டு நிலம் இருந்தது. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்து ஓடுகிற வருஷத்தில்கூட, மேல்மடைக்காரர்கள் அந்த நிலத்துக்குத் தண்ணீர் விட மாட்டார்கள். "இன்னைக்கு விட்டா நாளைக்குப் பாத்தியதை பேசுவீங்கடா" என்பார்கள். வழிந்த தண்ணீர் பள்ளத்தில் போய் வீணாகும், கடைமடையில் பயிர் கருகும். பொறுக்க முடியாமல் ஒரு தடவை அவள் அப்பன் தானே போய் மடையைத் திறந்தான். அவனைப் புளியமரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அடித்த பிறகு அவன் கண்ணெதிரிலேயே மடையை மூடினார்கள். அடியை மறந்தாலும் மறப்பாள், மடையை மூடியதை இருசம்மாள் மறக்கவில்லை.

முப்பத்தோராம் வருஷம் ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டத்தில் பாதி மரங்களுக்குக் கத்தி படவில்லை. பாதி ஆள்களுக்கு வேலை இல்லை என்றார்கள். வேலை இல்லாதவர்களைச் சர்க்கார் செலவில் ரயிலேற்றி, கப்பலேற்றி, வந்த ஊருக்கே அனுப்பினார்கள். புலாவ் செபாங் ஸ்டேஷனில் அழுகையும் மூட்டையுமாகக் கிடந்தது சனம். ரப்பர் ஏறியபோது கட்டிப்போட்டு வேலை வாங்கியவர்கள், இறங்கியதும் தேங்காய் மட்டையைத் தூக்கி எறிகிற மாதிரி எறிந்தார்கள்.

இருசம்மாள் ஏற மாட்டேன் என்றாள். அவளைப் பார்த்து இன்னும் சில குடும்பங்களும் மாட்டோம் என்றன. அப்போது சர்க்காரிலேயே ஒரு ஏற்பாடு இருந்தது. தரிசு நிலத்தில் நெல்லோ காய்கறியோ பயிரிட விரும்புகிறவர்களுக்குத் தற்காலிகமாக நிலம் கொடுப்பார்கள். ஜில்லா துரை, அதாவது அந்த வட்டாரத்துக்கு அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரர், தோட்டத்து எல்லைக்கு வெளியே ஒரு சரிவைக் காட்டினார். நிபந்தனை ஒன்றுதான். அறுப்புக் காலத்தில் வந்து பார்ப்பார். யாருடைய துண்டில் பயிர் இல்லையோ, அந்தக் குடும்பம் கப்பலேற வேண்டும்.

நிலத்தை அளந்த அன்று நல்லமுத்து வழியில் ஒரு பாம்புப் புற்றைக் கண்டு, கும்பிட்டு, சுற்றி வந்து, நிதானமாகப் போய்ச் சேர்ந்தான். அதற்குள் மற்றவர்கள் நல்ல துண்டுகளை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது கடைசித் துண்டு. மலாக்காவுக்குக் கப்பலேறி வந்தும் இருசம்மாளுக்குக் கடைமடைதான் வாய்த்தது. அன்று நல்லமுத்துவுக்குச் சோறு கிடைக்கவில்லை.

அந்தச் சரிவின் ஓரமாகத்தான் சர்க்கார் வாய்க்கால் போகிறது. மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்து வயல்களுக்காக வெட்டியது. ஆனால் கம்பத்து வயல்கள் குடித்து முடித்த பிறகு, சரிவுக்கு வரும்போது வாய்க்காலில் தவளை நனைகிற அளவுக்குத்தான் ஈரம் இருக்கும். மழையை நம்பி நெல்லைப் போட்டார்கள். முளைத்தது. அப்புறம் மழை நின்றது. பெண்கள் குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். மண் ஏப்பம் விட்டது, அவ்வளவுதான்.

தண்ணீர் இல்லாமலில்லை. அதுதான் இருசம்மாளின் வயிறு எரிந்ததற்குக் காரணம். தோட்டத்துப் பால் ஆலைக்காக மேலே ஓர் அணை கட்டியிருந்தார்கள். ரப்பர் ஷீட்டைக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும். இப்போது ஆலை பாதி மூடிக் கிடந்தது. அணை நிறைந்து, வழிந்து, ஓர் ஓடையில் விழுந்து ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. விறகு பொறுக்கப் போன இருசம்மாள் அதைப் பார்த்தபடியே நின்றாள். அந்த ஓடைக்கும் சர்க்கார் வாய்க்காலின் தலைப்புக்கும் நடுவே ஒரு சின்ன மேடுதான். அதை வெட்டிவிட்டால் வழிகிற தண்ணீர் வாய்க்காலில் விழும். வாய்க்கால் ஏற்கெனவே கம்பத்தைத் தாண்டிச் சரிவுவரை வருகிறது. புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். இருக்கிற பாதையில் அந்தத் தண்ணீர் நடந்து வந்தால் போதும்.

கங்காணியிடம் கேட்டாள். கங்காணி பெரிய துரையிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பெரிய துரை தோட்டத்து மானேஜர். சொந்த நெல்லில் சாப்பிடுகிற கூலி, நாளைக்கு விலை ஏறும்போது பாதிக் கூலிக்கு வர மாட்டான் என்பது அவர் கணக்கு. தம்புசாமியின் கணக்கும் அதுதான்.

"தொரை முடியாதுன்னுட்டாரு. இன்னைக்குக் குடுத்தா நாளைக்கு எங்க தண்ணின்னு பாத்தியதை பேசுவீங்களாம்" என்றார் கங்காணி.

இருசம்மாளுக்குக் காது அடைத்துக்கொண்டது. வெள்ளைக்காரன் வாயிலிருந்து வந்ததா, சேலத்து மேல்மடைக்காரன் வாயிலிருந்து வந்ததா என்று ஒரு கணம் தெரியவில்லை. கடல் தாண்டி வந்தாலும் இவன்கள் ஒரே பாட்டைத்தான் பாடுவான்களா? "ஆத்துல போற தண்ணிய ஐயா குடி அம்மா குடின்னு சொல்லக்கூடவா மனசு வரல? வைக்கப்போர்ல படுத்த நாய்க்கும் ஒங்க தொரைக்கும் என்ன வித்தியாசம்? போய் இதையும் சொல்லுங்க" என்றாள். கங்காணி அதைச் சொல்லவில்லை. வேட்டி ஞாபகம் இருந்திருக்கும்.

அடுத்து அவள் போனது கம்பத்துக்கு. வாய்க்கால் சர்க்காருடையது என்றாலும், வருஷா வருஷம் அதில் இறங்கிச் சேறு வாருகிறவர்கள் கம்பத்துக்காரர்கள். அவர்களுக்குத் தலைவர் பாக் மான் என்ற பெரியவர். வாய்க்காலின் மடைப் பலகைகள் அவர் பொறுப்பில் இருந்தன. இருசம்மாள் தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் விஷயத்தைச் சொன்னாள். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தாள். பாக் மான் ஓர் இளநீரை வெட்டிக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தார். இளநீர் குடித்துக்கொண்டே கோபப்படுவது கஷ்டம்.

எங்களுக்கு இதில் நஷ்டமில்லை என்றார் அவர். தண்ணீர் எங்களைத் தாண்டி உங்களுக்குப் போகட்டும். வறட்சி வந்தால் எங்களுக்கும் கொஞ்சம் உதவும். ஆனால் ஒன்று. சூராவில், எங்கள் சின்னப் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன்னால் நாங்கள் கை கால் முகம் கழுவுவது இந்த வாய்க்காலில்தான். தண்ணீர் சுத்தமாக வர வேண்டும்.

"ஜஞ்சி, தங்கச்சி?" என்று கேட்டார். வாக்குக் கொடுக்கிறாயா என்று அர்த்தம்.

"ஜஞ்சி" என்றாள் இருசம்மாள்.

இரண்டு பேருமாக ஜாசினில் இருந்த ஜில்லா ஆபீசுக்குப் போனார்கள். அங்கே கதிர்காமநாதன் என்ற யாழ்ப்பாணத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, உட்கார்ந்திருந்தார். கோட்டும் வெள்ளை விபூதியுமாக இருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது அவரைப் பார்த்துச் சொன்னதுதான் என்று இருசம்மாள் முடிவுகட்டிவிட்டாள். தோட்டத்து ஆள்கள் தோட்டத்து மானேஜர் மூலமாகத்தான் வரவேண்டும் என்றார் அவர். மானேஜர்தான் மாட்டேன் என்கிறாரே என்றாள் இவள். அப்படியானால் முடியாது என்றார். அதன்பிறகு இருசம்மாள் பேசியது ஆபீசுக்கு வெளியே சைக்கிள் கடைவரை கேட்டதாம்.

"கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக் கதைச்சால் அலுவல் நடக்கும் அம்மா" என்றார் கதிர்காமநாதன்.

"கோபப்படாம இருந்தப்ப ஒண்ணும் நடக்கலீங்களே. அதான் இப்படிப் பாக்குறேன்" என்றாள்.

அந்த மனிதர் சிரிக்கவில்லை, விரட்டவும் இல்லை. உள்ளே போய் ஜில்லா துரையிடம் என்னவோ இங்கிலீஷில் நெடுநேரம் சொன்னார். என்ன சொன்னார் என்பது கடைசிவரை இவளுக்குத் தெரியாது. அரிசியைக் கப்பலில் வரவழைத்துக் கட்டுப்படியாகாமல் தவித்துக்கொண்டிருந்த சர்க்காருக்கு, உள்ளூரில் ஒரு பிடி நெல் விளைந்தாலும் லாபம்தான். ஜில்லா துரையே அணையைப் பார்க்க வந்தார். வழிந்து ஆற்றுக்குப் போகிற தண்ணீர் ஆற்றுக்குச் சொந்தம், ஆறு சர்க்காருக்குச் சொந்தம் என்று பெரிய துரையிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரிய துரையின் முகம் புளித்த கஞ்சியாகிவிட்டது. அதைப் பார்த்த நாளை இருசம்மாள் தீபாவளி என்றே கொண்டாடினாள்.

ஆண்கள் மேட்டை வெட்டினார்கள். வாய்க்கால் தலைப்பில் புது மடை வைத்து, பலகை போட்டார்கள். வாய்க்காலைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று இருசம்மாள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பால் வாளி கழுவக்கூடாது, துணி வெளுக்கக்கூடாது, மாட்டை இறக்கக்கூடாது, குழந்தைக்குக் கால் கழுவக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். உண்மையாகவே கேட்டு நடந்தார்கள். பிச்சைமுத்து என்கிறவன், எச்சில் துப்பக்கூட வாய்க்காலை விட்டுத் தள்ளிப் போனான். இந்தப் பிச்சைமுத்துவின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பு ஒரு வெள்ளிக்கிழமை. இருசம்மாள் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தூக்கிக்கொண்டு முற்பகலிலேயே கம்பத்துக்குப் போனாள். தண்ணீர் அங்கே வரும்போது பாக் மானோடு நின்று பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. சூராவுக்கு முன்னால் வாய்க்காலில் இறங்கும் படியில் இருவரும் நின்றார்கள். மத்தியானத் தொழுகைக்கு வந்த ஆண்கள் சிலர் ஏற்கெனவே படியில் உட்கார்ந்து, வாய்க்காலின் பழைய தண்ணீரில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். பிறகு புதுத் தண்ணீர் வந்தது. சலசலவென்று, நுரையோடு, சருகைத் தள்ளிக்கொண்டு வந்தது. இருசம்மாள் படியில் இன்னும் ஓர் எட்டு இறங்கி நின்றாள். அப்பனை நினைத்துக்கொண்டாள்.

அந்தத் தண்ணீரோடு ஒரு கோழி இறகு வந்தது. பின்னாலேயே இன்னும் நாலைந்து. குங்குமம் தடவிய அரை எலுமிச்சை வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வாடை வந்தது. சம்சுச் சாராய வாடை. தோட்டத்தில் வாழ்ந்த யாருக்கும் அது தெரியாமல் போகாது. படியில் கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் காலை வெளியே எடுத்து, அப்படியே வைத்துக்கொண்டு, பாக் மானைப் பார்த்தார்.

பாக் மான் படியேறினார். வாய்க்கால் கரையோடு மேலே நடந்தார். இருசம்மாள் பின்னாலேயே ஓடினாள். அவள் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை.

மடையில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்திருந்தார்கள். மடைக் கருப்பன். ஊரில் எந்த மடையைத் திறந்தாலும் முதலில் அந்த மடையைக் காக்கிற கருப்பனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் திறப்பார்கள். கொடுக்காமல் திறந்தால் மடை காவு கேட்கும் என்பார்கள். அதைத்தான் இவர்களும் செய்திருக்கிறார்கள். பிச்சைமுத்து சேவலை அறுத்திருக்கிறான். கருப்பனுக்குப் பிடித்தமானது என்று நல்லமுத்து தன் கையாலேயே கல்லின் தலையில் சம்சுவை ஊற்றியிருக்கிறான். எல்லாம் பலகையோரமாக இறங்கி வாய்க்காலில் போயிருக்கிறது. நல்லமுத்து நெற்றி நிறைய விபூதியோடு, பாக் மானைப் பார்த்ததும் கும்பிட்டான். பெரியவர் ஆசீர்வாதம் பண்ண வந்திருக்கிறார் என்று நினைத்தான்.

பாக் மான் குனிந்து, பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடையில் இறக்கினார். தண்ணீர் நின்றது. பிறகு இருசம்மாளிடம் திரும்பினார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள்.

"தண்ணி ஓடினா சுத்தமாயிரும், தங்கச்சி. நீ சொன்ன ஜஞ்சியை எதுல போட்டு நான் கழுவுறது?" என்று மலாயில் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். இருசம்மாளுக்கு வந்த கோபத்தை எழுத என்னிடம் தாளும் இல்லை, தைரியமும் இல்லை. இது கங்காணியின் சூழ்ச்சியாக இருக்க வேண்டும், அந்தச் சாராயத்தை அவர்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டாள். இல்லை. பெம்பான் கடையிலிருந்து இவர்களே வாங்கியதுதான். தம்புசாமி பாவம், ஒரு துரோகம்கூடச் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. எதிரி செய்தால் திட்டித் தீர்க்கலாம். ஊர் கூடிப் பக்தியோடு செய்த முட்டாள்தனத்தை என்னவென்று திட்டுவது?

"வாய்க்கால் சுத்தமா இருக்கணும்னு தலையில அடிச்சுச் சொன்னேனே" என்றாள்.

"சுத்தமாத்தானே புள்ள வச்சிருந்தோம். சாமிக்கு ஊத்துறது எப்படி அழுக்காகும்?" என்றான் நல்லமுத்து. அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

வெயில் ஏறியது. சரிவில் நெல் தோகை சுருண்டது. ஆண்கள் சிலருக்கு ரோஷம் வந்தது. அணைத் தண்ணீர் நமக்கு ஜில்லா துரை கொடுத்தது, மடையை மூடக் கம்பத்தான் யார் என்று கடப்பாரையோடு கிளம்பினார்கள். பிச்சைமுத்துதான் முன்னால் நின்றான். இருசம்மாள் வாய்க்கால் கரையில் குறுக்கே போய் நின்றுகொண்டாள். அவள் அப்பனும் இப்படித்தான் மடையைத் திறக்கப் போனான், நியாயம் அவன் பக்கம் இருந்தது. உங்களுக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்டாள். மூடினவனிடம் கோபப்பட எனக்கே வழியில்லாமல் பண்ணிவிட்டீர்களே என்று கேட்டாள். கடப்பாரைகள் திரும்பிப் போயின.

அவள் நேராக மடைக்குப் போனாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருப்பன் கல்லைப் பிடித்து அசைத்துப் பிடுங்கினாள்.

சனம் பதறிப்போய்விட்டது. காவு கொடுத்த கல்லைப் பொம்பளை தொடுவதாவது. நல்லமுத்து ஓடி வந்தான். "வேணாம் புள்ள, வெச்சிரு. துடியான சாமி. கோவிச்சுக்கும்" என்றான்.

"கோவிச்சுக்கட்டும். கோவத்துக்குக் கோவம் நான் பாத்துக்கிறேன். நீ தள்ளு."

ரத்தமும் மஞ்சளும் சேலையில் ஒட்ட, கல்லை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். கம்பத்து வழியாகப் போகவில்லை. காட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். நல்ல கனம். சரிவின் கடைசியில், தன் துண்டின் கோடியில், வாய்க்கால் முடிந்து மிச்சம் ஆற்றில் விழுகிற இடத்தில் கல்லை இறக்கினாள். இனி இங்கே என்ன ஊற்றினாலும் ஆற்றுக்குத்தான் போகும், எவன் கால் கழுவுகிற தண்ணீரிலும் போகாது. கல்லுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்று, அதனிடமும் கோபமாகவே பேசினாள். "ஒனக்கு மேல்மடைதான் வேணுமோ? எங்களோட கடைமடையில இருந்து பாரு, அப்பத் தெரியும்."

அன்றிலிருந்து நல்லமுத்து அவளோடு பேசுவதை நிறுத்தினான். சோற்றைப் போட்டால் சாப்பிடுவான். வாயைத் திறக்க மாட்டான்.

மறுநாள் அவள் ஆண்களை எல்லாம் இழுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போனாள். மடையிலிருந்து சூராவைத் தாண்டி வாய்க்காலை முழுக்க வாரினார்கள். இறகு பொறுக்கினார்கள், சேறு அள்ளினார்கள், சூராப் படியைத் தேய்த்தார்கள். அந்தப் படியைத் தேய்த்தவன் பிச்சைமுத்து. யாரும் அவனைத் தேய்க்கச் சொல்லவில்லை. பாக் மான் வந்து பார்த்தார், போனார். பிறகு மடையைக் கொஞ்சமாகத் திறந்து, அந்தத் தண்ணீரை முழுக்க ஆற்றுக்கு விடச் சொன்னார். வாய்க்கால் கழுவித் தீரும்வரை யாரும் ஒரு சொட்டு எடுக்கக்கூடாது. சரிவுக்காரர்கள் தங்கள் பயிருக்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஓடி ஆற்றில் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைவிடப் பெரிய தண்டனையை எந்தச் சாமியும் கொடுத்திருக்க முடியாது. இருசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பாக் மான் வாய்க்காலில் இறங்கி, எல்லோருக்கும் முன்னால் முகம் கழுவினார். பிறகு மடைக்குப் போய்ப் பலகைகளை முழுக்க எடுத்தார்.

முன் துண்டுகள் பிழைத்துக்கொண்டன. சோர்ந்து கிடந்த நெல் நிமிர்ந்தது. கடைசித் துண்டுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது அங்கே குடிக்க ஆளில்லை. இருசம்மாளின் பயிர் முழுக்கக் கருகிவிட்டது. வேருக்கு வேர் பிடுங்கிப் பார்த்தாள். ஒன்றிலும் பச்சை இல்லை.

கருப்பன் கோபம் என்று சனம் கிசுகிசுத்தது. கல்லைத் தொட்டவள் நிலம் மட்டும் பட்டுப்போயிற்றே, பார்த்தீர்களா என்றார்கள். அவள் தேடிக் கொண்டுவந்த தண்ணீரில் தங்கள் பயிரை நனைத்துக்கொண்டே சொன்னார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. கங்காணி தம்புசாமி ஒரு தடவை அந்தப் பக்கம் வந்து, கப்பல் டிக்கெட் விஷயமாக ஏதாவது உதவி வேண்டுமா என்று கரிசனமாக விசாரித்துவிட்டுப் போனார். புது வேட்டி கட்டியிருந்தார். இருசம்மாளிடம் ஊற்றுவதற்குப் பால் இல்லை.

அறுப்புக்கு முன்னால் ஜில்லா துரை வந்தார். கூடவே கதிர்காமநாதன், கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, சேற்றுக்குப் பயந்து வந்தார். ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார்கள். துரை தலையாட்டினார், கிராணி குறித்துக்கொண்டார். கடைசித் துண்டில் வந்து நின்றார்கள். கருகிய தாளும் வெடித்த மண்ணும் கோடியில் ஒரு மஞ்சள் கல்லும் இருந்தன.

"இது ஆற்றை காணி?" என்று கேட்டார் கதிர்காமநாதன். யாருடைய நிலம் என்று அர்த்தம்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இருசம்மாள் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவர்களுக்காகவா அலைந்தோம் என்று நெஞ்சு கொதித்தது. சரி, கெஞ்சக்கூடாது, நிமிர்ந்தே சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தாள்.

"அது சாமி நெலங்க" என்றது ஒரு குரல்.

நல்லமுத்துதான். இவ்வளவு நாளாகப் பேசாத வாய். வெள்ளைக்காரனைக் கண்டால் மரத்துக்குப் பின்னால் போகிற மனிதன். முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அதோ கல்லு இருக்குது பாருங்க. மடைக் கருப்பன். சாமி நெலத்துல நாங்க பயிர் வெக்கிறதில்லீங்க."

அவன் கால் நடுங்கியதை இருசம்மாள் பார்த்தாள். துரைக்குப் பயந்து நடுங்கவில்லை. கருகிய நெல்தாள் காலடியில் கிடக்க, சாமி பேரில் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது என்னவென்று அவளுக்குத்தான் தெரியும்.

அப்படியானால் உன் துண்டு எது என்று கிராணி கேட்டார். அவ்வளவு தூரம் நல்லமுத்து யோசித்திருக்கவில்லை. கூட்டத்தில் சேவலை அறுத்த பிச்சைமுத்து தொண்டையைக் கனைத்தான். "என்னுதுல பாதி அவங்களுதுங்க. சேந்துதான் போட்டோம்" என்றான்.

கதிர்காமநாதன் தாள்களைப் பார்த்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்தத் துண்டு என்று அளந்து எழுதியவர் அவர்தான். கருகிய தாளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு ஜில்லா துரையிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். துரை தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு தலையாட்டிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். கிராணி ஒரு நிமிஷம் பின்தங்கி நின்றார்.

"கோயில் காணி எண்டு சொல்லிப்போட்டன். வாற முறை வரேக்கை ஒரு கொட்டில் எண்டாலும் இருக்க வேணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பில் ஒட்டிய சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டே போனார்.

எல்லோரும் இருசம்மாளைப் பார்த்தார்கள். இப்போதாவது அழுவாள், கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. அவள் நல்லமுத்துவின் முன்னால் போய் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"நாயா அலைஞ்சு தண்ணி கொண்டாந்தது நானு. என் நெலத்தத் தூக்கிச் சாமிக்குக் குடுக்க நீ யாரு?"

நல்லமுத்து பதறவில்லை. அவள் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டே நின்றான். அவள் நிறுத்தியதும், "பசிக்குது புள்ள" என்றான்.

அவள் சோறு போட்டாள். போடும்போதும் திட்டினாள். அடுத்த வருஷம் அந்தத் துண்டில், கருப்பன் கொட்டிலைச் சுற்றி, நெல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. சாமி நிலத்தில் பயிர் வைப்பதில்லை என்றீர்களே என்று கதிர்காமநாதன் கேட்டபோது, இருசம்மாள் கதிர்க்கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே பதில் சொன்னாள். "கடைமடைக்கு வந்துட்டா சாமியும் ஒழைச்சுத்தாங்க சாப்பிடணும்."